இழந்த இமையை மீட்டல்: தோல் புற்றுநோய் அகற்றலுக்குப் பிந்தைய இமை மறுசீரமைப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கண்ணிமையில் தோன்றும் புற்றுநோயை அகற்றிய பின் இமையை மீண்டும் அமைக்கும் அறுவை முறைகளின் வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது. காயத்தை மூடும் தோலைத் தேடுவதில் தொடங்கிய இம்முயற்சி, இமையின் உள்ளடுக்கை மீட்பதையும் அதற்காகப் பார்வை கொடுக்கும் விலையைக் குறைப்பதையும் நோக்கி நகர்ந்தது என்பது இதன் கருதுகோள்.

முன்னுரை

இமை வெறும் தோல் அன்று. வெளியே தோலும் தசையும், உள்ளே இமைத்தட்டு என்னும் உறுதியான திசுவும் அதனை ஒட்டிய மென்சவ்வும் என இரண்டு அடுக்குகளால் ஆனது. மேலிமையின் தட்டு ஏறத்தாழ 10 மி.மீ. உயரமும் கீழிமையின் தட்டு ஏறத்தாழ 4 மி.மீ. உயரமும் உடையவை. உள்ளடுக்கு இன்றித் தோலை மட்டும் வைத்தால் அது சுருங்கும், கருவிழி உராய்வுக்கு உள்ளாகும், பார்வை கெடும். இவ்வுண்மை அறுவை முறைகளில் முழு வடிவம் பெற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தோலைத் தேடிய காலம்

நெற்றித் தோலைத் திருப்பி மூக்கை அமைக்கும் இந்திய முறை 1794இல் இலண்டன் இதழ் ஒன்றின் வழியாக ஐரோப்பாவில் பரவலாக அறியப்பட்டது. பெர்லினில் பணியாற்றிய கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃபே, மூக்குச் சீரமைப்பு குறித்த தம் 1818ஆம் ஆண்டு நூலில் அம்முறையையும் விளக்கினார். புற்றுநோயால் சிதைந்த இமையைச் சீரமைப்பதற்குப் 'பிளெஃபரோபிளாஸ்டி' என்னும் சொல்லை அவ்வாண்டில் வழங்கியவரும் அவரே.

1827இல் டப்ளினைச் சேர்ந்த ஆர்தர் ஜேக்கப், இமைகளையும் முகத்தையும் மெல்ல அரிக்கும் தனித்தன்மை வாய்ந்த புண் ஒன்றை விவரித்தார். இன்று அடித்தளச் செல் புற்றுநோய் எனப்படுவது அதுவே. ஈராண்டுகளுக்குப் பின் ஹாம்பர்க் நகரின் ஃபிரிக்கே, நெற்றிப்பொட்டுத் தோலை மடலாகத் திருப்பி இமை அமைக்கும் முறையை நூலாக வெளியிட்டார். 1875இல் கிளாஸ்கோவின் வுல்ஃப், முன்கையிலிருந்து எடுத்த முழுத்தடிமன் தோலைக் கொழுப்பு நீக்கிக் கீழிமையில் ஒட்டினார். இவையனைத்தும் முதன்மையாக வெளியடுக்குக்கான தீர்வுகள்.

உள்ளடுக்கும் அதன் விலையும்

1937இல் அமெரிக்கரான வெண்டெல் ஹியூஸ், மேலிமையின் உள்ளடுக்கை இரத்த ஓட்டத்துடன் கீழே இறக்கிக் கீழிமையின் உள்ளடுக்காக்கி, அதன்மேல் தோலை அமைத்தார். இமைக்கு இமையே மூலப்பொருளாயிற்று. ஆயினும் மடல் பிழைக்கும்வரை கண் பல வாரங்கள் மூடியே இருந்தது. மேலிமையின் விளிம்புவரை தட்டை எடுத்ததால் அவ்விமை உட்புறம் மடங்கும் இடரும் நேர்ந்தது. எனவே விளிம்பையொட்டி ஏறத்தாழ 4 மி.மீ. தட்டை விட்டுவைக்கும் திருத்தம் பின்னர் வந்தது. ஒரு கண்ணால் மட்டுமே காண்பவர்க்கு, அக்கண்ணை மூடும் இம்முறை பொருந்தாது. குழந்தைகளுக்கோ மூடிய கண்ணின் பார்வை வளர்ச்சி தடைப்படக்கூடும்.

1955இல் கட்லரும் பியர்டும் கீழிமை விளிம்புக்கு அடியிலிருந்து மடல் எடுத்து மேலிமையை அமைத்தனர். அதிலும் கண் மூடப்பட்டது. மடலில் உறுதியான தட்டும் இல்லை. 1975இல் டென்சல் விவரித்த அரைவட்ட மடல், கண்ணை மூடாமலே நடுத்தர அளவு இழப்பை ஈடுசெய்தது. ஹியூஸ் மடலை 7 நாளிலேயே பிரிக்க இயலும் என 2004இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

அகற்றலின் உறுதி

புற்று முற்றும் நீங்காவிடில் எந்தச் சீரமைப்பும் வீணே. விஸ்கான்சினில் ஃபிரெடெரிக் மோஸ், துத்தநாகக் குளோரைடு பசையால் திசுவை இறுகச் செய்து, அடுக்கடுக்காக வெட்டி நுண்ணோக்கியால் சோதிக்கும் முறையை 1941இல் வெளியிட்டார். இறந்த திசு உதிரும்வரை காத்திருக்க வேண்டியதால், அன்றே இமையைச் சீரமைக்க வழியில்லை. 1953இல் கீழிமைப் புற்று ஒன்றை அகற்றுவதைப் படமாக்கியபோது, தாமதத்தைத் தவிர்க்கப் பசையின்றிப் புதுத்திசுவையே அவர் வெட்டிச் சோதித்தார். 1974இல் டிரோமோவிச்சும் ஸ்டெக்மேனும் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இம்முறை பரவியது. விளிம்பில் புற்று இல்லை என்பதை உறுதிசெய்து அன்றே சீரமைப்பது இயல்வதாயிற்று. நலமான திசு வீணாகாததால் ஈடுசெய்ய வேண்டிய பரப்பும் குறைந்தது.

முடிவுரை

மேலை நாடுகளில் இமைப் புற்றுகளுள் பெரும்பான்மை அடித்தளச் செல் புற்றுநோயே. அது கீழிமையில் மிகுதி. அதனால் இவ்வரலாற்றின் பெரும்பகுதி கீழிமையைச் சுற்றியே அமைந்தது. இந்தியாவிலோ எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோயின் பங்கு கணிசமானது. அது பெரிதும் மேலிமையில் எழுவது. சாதாரண இமைக்கட்டி போலத் தோன்றிக் காலங்கடந்து கண்டறியப்படுவது. கருவிழியைக் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு மேலிமையுடையது என்பதால் அதன் இழப்பே கடினமான சிக்கல். கட்லர், பியர்டு முறை விட்டுச்சென்ற குறைகள் ஆகவே இந்திய மருத்துவச் சூழலில் கூடுதல் பொருள் பெறுகின்றன. இத்துறையின் வரலாற்றை இங்கு எழுதுவோர் மேலிமையை மையமாக வைத்து அதனை மீண்டும் வாசிப்பது தேவையாகும்.