உடம்பும் தராசும்

யாழ்ப்பாணத்தில் வரலாறு விரிவுரை செய்த நான், இன்று மொன்றியலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேற்பார்வையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த உடம்பு ஒரு கிழமை தாங்காது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். எனக்குப் பிரெஞ்சு விளங்காது என்று நினைத்திருக்க வேண்டும். அது நடந்து பல வருடங்களாகிவிட்டன.

அதை மறக்காத நானே சென்ற மாரியில் என் மகனிடம் அதே தீர்ப்பைச் சொன்னேன். அவனுக்குப் பதினாறு வயது, கனத்த உடம்பு. பிரேக் டான்ஸ் பழகுகிறான். கைகளை மாறிமாறி ஊன்றி, கால்கள் நிலத்தில் படாமல் வட்டமாகச் சுழற்றும் 'ஃபிளேர்' என்ற வித்தையில் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தான். "உன்ரை உடம்புக்கு உது சரிவராது" என்றேன். அவன் கோபிக்கவில்லை. "அப்ப எத்தினை கிலோ எண்டால் சரிவரும், அப்பா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இருக்கவில்லை. இக்கட்டுரை அதற்கான தாமதமான பதில்.

முதலில் இயற்கையின் கணக்கை ஒப்புக்கொள்வோம். 1638இல் வெளியான தன் நூலில் கலிலியோ இதை விளக்கியிருந்தார். ஓர் உருவத்தை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காகப் பெருக்கினால் அதன் எடை எட்டு மடங்காகும். தாங்கும் பலமோ நான்கு மடங்குதான். ஆகவே குள்ளமான, இறுகிய உடம்புக்குத் தன்னைத் தன் கைகளில் தாங்குவது இலகு. நீண்ட கால்களைச் சுழற்றத் தொடங்க அதிக பலம் வேண்டும். சுழலத் தொடங்கிய பின்னர் அவை வேகத்தை எளிதில் இழப்பதில்லை. தோளிலும் முதுகிலும் உருளும் 'விண்ட்மில்'லில் கால்களை விரித்து வைப்பதும், தலையில் சுழல்பவர் கால்களைக் குறுக்கி வேகம் கூட்டுவதும் இந்தக் கணக்கின்படியே. கொழுப்பு வெறும் சுமை. தசையோ சுமையாகவும் சுமப்பதாகவும் இருக்கிறது. எடை உடம்பில் எங்கே இருக்கிறது, அதைத் தூக்கும் பலம் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் கிலோவை மட்டும் கேட்பதில் பொருளில்லை.

இனி வரலாறு. 1970களில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், கறுப்பின இளைஞர்களிடமும் போட்டோரிக்க இளைஞர்களிடமும் வளர்ந்தது இந்த ஆட்டம். ஃபிளேர் வந்தது ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து. அந்த வித்தைக்குப் பெயர் தந்த அமெரிக்கர் கேர்ட் தோமஸ், நமது நகரில் நடந்த 1976 ஒலிம்பிக்ஸில் போட்டியிட்டவர். அதே போட்டியில், யூலை 18ஆம் திகதி, பதினான்கு வயது நாடியா கொமனெச்சி முழுமையான பத்துப் புள்ளிகள் பெற்றாள். அதன் பின்னர் சிறுமியின் உடம்பே அவ்விளையாட்டின் இலட்சியமாக எண்ணப்பட்டது. குறைந்தபட்ச வயதை 1981இல் பதினைந்தாகவும் 1997இல் பதினாறாகவும் உயர்த்த வேண்டி வந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் தனக்கேற்ற உடம்பைத் தேடிப் பொறுக்கியது. தெருவுக்கு அந்த வசதி கிடையாது. வந்த உடம்புக்கு ஏற்ப வித்தையை அது வளைத்துக்கொண்டது.

நம்மிடமும் பொறுக்கும் மரபு உண்டு. நமது ஆனந்த குமாரசுவாமி இன்னொருவருடன் சேர்ந்து 1917இல் ஆங்கிலத்தில் தந்த அபிநயதர்ப்பணம், மிகப் பருத்தவள், மிக மெலிந்தவள், மிக நெடியவள், மிகக் குள்ளமானவள், கூனுள்ளவள் ஆகியோரை ஆடத் தகாதவர்கள் என ஒதுக்குகிறது. தமிழில் 'கரணம்' என்ற ஒரே சொல் சிதம்பரம் கோபுரத்திலும் கழைக்கூத்தாடியின் கயிற்றிலும் வழங்குகிறது. கோபுரத்தில் நின்ற நூற்றெட்டையும் கலை என்றோம். கரணம் தப்பினால் மரணம் என்று வயிற்றுக்காகத் தாவியவனின் வித்தையைப் பிழைப்பு என்றோம். இந்தத் தராசைப் பிடித்திருந்தது சாதி.

மொன்றியலில் பிறந்த லூக்கா பட்டுவெல்லியை இங்கு நினைக்க வேண்டும். பிறவியிலேயே மூட்டுகள் இறுகி, தசைகள் வளர்ச்சி குன்றிய நிலை அவருக்கு. பல சத்திரசிகிச்சைகளைக் கண்டவர். ஊன்றுகோல்களுடன் பிரேக் டான்ஸ் ஆடும் அவர் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'லேசிலெக்ஸ்', அதாவது சோம்பேறிக் கால்கள். 2007இல் 'இல்-எபிலிட்டீஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். ஒரு காலை இழந்த பிரேசில் ஆட்டக்காரர் சமுக்காவும் அதில் ஆடுகிறார். 2010 வன்கூவர் பராலிம்பிக்ஸ் தொடக்கவிழாவில் லூக்கா ஆடினார்.

விதிவிலக்கைக் காட்டி விதியை மறுக்கிறாய் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். நான் அப்படிக் கருதவில்லை. லூக்கா கலிலியோவை மீறவில்லை. மெலிந்த கால்கள், ஊன்றுகோலால் உரமேறிய தோள்கள், கையின் நீட்சியாகிவிட்ட கோல்: அதே கணக்கை வேறொரு உடம்பில் போட்டுப் பார்த்தவர் அவர்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஓகஸ்ட் 7ஆம் திகதி, 50 கிலோப் பிரிவில் 100 கிராம் கூடியதால் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் இறுதிப்போட்டியில் நிற்க முடியாமற்போனார். இரண்டு நாட்களின் பின் அதே நகரில் பிரேக் டான்ஸ் போட்டி தொடங்கியது. அங்கே எடைப் பிரிவு என்று எதுவும் இருக்கவில்லை. நுட்பம், தனித்துவம், இசையுணர்வு போன்றவையே அளக்கப்பட்டன. ஆண்களில் தங்கம் வென்றவர் வன்கூவரைச் சேர்ந்த பில் விசார்ட்.

2009இல் வன்னியில் காலிழந்தவர்கள் சிலரை நமது ஊர்ச்சங்க விழாக்களில் கண்டிருக்கிறேன். முன்வரிசையில் கதிரை போட்டு, பொன்னாடை போர்த்துகிறோம். மேடையில் ஆட அவர்களில் ஒருவரையேனும் அழைத்ததை நான் காணவில்லை. அபிநயதர்ப்பணத்தின் பட்டியலைப் படிக்காமலே மனப்பாடம் செய்திருக்கிறோம் போலும். இது குறித்து வாசகர்கள் எழுத வேண்டும்.

மகனுக்கு இதையெல்லாம் சொன்னேன். பாதிதான் கேட்டான். ஃபிளேர் அவனுக்கு இன்னும் முழுதாக வரவில்லை. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. இரவு வேலையால் வந்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.