படத்தில் அடங்காத வீதி

பழைய தபாலட்டைகளைச் சேகரிப்போர் அவற்றின் அழகையே பெரிதும் பேசுவர். வரலாறு கற்பிக்கும் நாமோ அவற்றைச் சான்றுகளாகவும் நோக்குதல் வேண்டும்.

1869இல் ஒஸ்திரிய-ஹங்கேரியில் முதன்முதலாக வெளிவந்த தபாலட்டையில் படம் இருக்கவில்லை. 1902இல் பிரித்தானியத் தபாற்பகுதி முகவரியையும் செய்தியையும் ஒரே பக்கத்தில் எழுத அனுமதித்தது. மறுபக்கம் முழுவதும் படத்துக்கு உரியதாயிற்று. அன்று பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த டப்ளின் நகரின் சக்வில் வீதியும் இவ்வாறே அட்டையில் ஏறியது.

அவ்வட்டைகளில் நாம் காண்பவை யாவை? அகன்ற வீதி, நடுவே வானளாவிய நெல்சன் தூண், அருகே பொதுத் தபாலகம், நிரையாக நிற்கும் டிராம் வண்டிகள். வர்ண அட்டைகளிற் பல, கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்கு அச்சகத்தில் நிறமேற்றியவை. வானத்தின் நீலங்கூட அச்சகத்தார் தெரிந்தெடுத்ததே!

அவ்வீதிக்கு அப்பால், முன்னர் செல்வர் வாழ்ந்த மாளிகைகள் அறையறையாக வாடகைக்கு விடப்பட்டிருந்தன. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் அத்தகைய வீடுகளில் வாழ்ந்தன. அவற்றுள் 20,000 குடும்பங்களுக்கு ஓர் அறையே வீடு. 1913 செப்டெம்பர் 2ஆந் திகதி சேர்ச் வீதியில் இரு வீடுகள் இடிந்து ஏழு பேர் மாண்டனர்.

படத்தில் அமைதியாக நிற்கும் டிராம் வண்டிகளுக்கும் ஒரு கதையுண்டு. 1913 ஓகஸ்ட் 26இல் தொழிலாளர் அவற்றை வீதியிலேயே நிறுத்திவிட்டு வெளியேறினர். சங்கத்திற் சேர்ந்தோரை டிராம் கம்பனியின் தலைவர் மேர்ஃபி வேலைநீக்கஞ் செய்தமையே காரணம். 31ஆந் திகதி, தொழிற்சங்கத் தலைவர் லார்க்கின் தடையை மீறி, மாறுவேடத்தில் வந்து, அதே மேர்ஃபிக்குச் சொந்தமான இம்பீரியல் ஹோட்டலிலிருந்து மக்களை நோக்கிப் பேசினார். பொலிசாரின் குண்டாந்தடிகள் சுழன்றன, நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர்.

மாதக்கணக்கில் நீடித்த கதவடைப்பின் இறுதியில் பசியே வென்றது. ஆயினும் தொழிலாளரைக் காக்க அப்போராட்டத்திற் பிறந்த மக்கள் படை கலையவில்லை. 1916 ஏப்ரலில் ஜேம்ஸ் கொனலியின் தலைமையில் அது எழுச்சியிற் பங்குகொண்டது. பொதுத் தபாலகமே எழுச்சியின் தலைமையகமாயிற்று. பீரங்கிக் குண்டுகளாலும் தீயாலும் வீதி சிதைந்தது. காயமுற்றிருந்த கொனலியை மே 12ஆந் திகதி நாற்காலியில் அமர்த்திச் சுட்டனர்.

அதன்பின் அவ்வீதியின் இடிபாடுகளும் தபாலட்டைகளாக விற்பனைக்கு வந்தன! அழகை விற்ற வணிகம் அழிவையும் விற்றது. அவ்வட்டைகளைக் காணும் மாணவரிடம் நாம் ஒரு கேள்வியை முன்வைப்போம்: இந்த வண்டியை ஓட்டியவன் அன்றிரவு எந்த அறைக்குத் திரும்பினான்?