எழுந்தருளும் உலோகம்: மலையகத் தோட்டக் கோயில்களில் செப்புத் திருமேனியின் இடம்

செப்புத் திருமேனி, கோயிலை விட்டு வெளியே வருவதற்கென்று வார்க்கப்படும் தெய்வ உருவம். கருவறையில் உள்ள மூலவர் அசைவதில்லை. முதியோரையும் நோயாளரையும் கோயிலுக்குள் விடப்படாதவரையும் தேடித் தெருவுக்கு வருபவர் உற்சவர். பீடத்தில் உள்ள துளைகளும் வளையங்களும் இதற்குச் சான்று. அவற்றில் கோலும் கயிறும் கோத்தே திருமேனியைச் சப்பரத்தில் இறுக்குவர். இந்தப் பயனை மறந்து உலோகத்தையும் வடிவழகையும் மட்டும் பேசும் கலை வரலாறு பாதியிலேயே நின்றுவிடுகிறது. மலையகத் தோட்டக் கோயில்களை ஆராயும்போது இக்குறை இன்னும் தெளிவாகப் புலப்படும்.

வார்ப்பு முறை சோழர் காலத்திலிருந்து பெரிதும் மாறவில்லை. சுவாமிமலைச் சிற்பக்கூடங்களில் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி, அக்கலவையில் உருவைச் செய்கிறார்கள். உருவின் உயரத்துக்கு நறுக்கிய தென்னோலையைத் தாளம் எனும் சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்து, முகம், மார்பு, தொடை ஆகியவற்றின் அளவுகளைப் பெறுகிறார்கள். மெழுகுருவின் மேல் முதலில் காவிரி வண்டல் மண்ணை மென்மையாகப் பூசுவர். பின்பு முரட்டு மண்ணை அப்பி, இரும்புக் கம்பியால் கட்டுவர். சூடேற்ற மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவர். குழம்பில் செம்பே பெரும்பங்கு. பித்தளையும் ஈயமும் சிறிது. பொன்னும் வெள்ளியும் பெயரளவுக்குத்தான். ஆறிய பின் மண்கூட்டை உடைத்தெடுப்பதால் ஒரு கருவிலிருந்து ஓர் உருவமே கிடைக்கும். இறுதியில் கண் திறப்பு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் ஒவ்வொரு செப்புத் திருமேனியையும் பாதாதிகேசாந்தம், அதாவது அடி முதல் முடி வரை, முழம், விரல் கணக்கில் அளந்து, கைகளை எண்ணி, கனமாக வார்த்ததா பொள்ளலா என்றும் பதிவு செய்கின்றன. கொடையாளரின் பெருமையோடு கோயில் கணக்கரின் எச்சரிக்கையும் அதில் தெரிகிறது.

இலங்கையில் இம்மரபின் தலைசிறந்த சான்றுகள் பொலன்னறுவையில் கிடைத்தன. எச். சி. பி. பெல் தொல்லியல் ஆணையாளராக இருந்தபோது 1907, 1908 ஆண்டுகளில் அங்குள்ள சிவன் கோயில் இடிபாடுகளிலிருந்து நடராசர், உமை, நாயன்மார் முதலிய திருமேனிகள் வெளிவந்தன. 1960இல் மேலும் சில கிடைத்தன. பொன்னம்பலம் அருணாசலம் அவற்றைச் சைவ வழிபாட்டின் நோக்கில் விளக்கினார். ஆனந்த குமாரசுவாமி 1914இல் கொழும்பு அருங்காட்சியகத்து உலோக உருவங்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். இவை இலங்கையிலேயே வார்க்கப்பட்டவையா, சோழநாட்டிலிருந்து வந்தவையா என்ற வழக்கு அன்று தொடங்கி இன்றும் ஓயவில்லை. அவ்வழக்குக்குக் கொடுக்கப்பட்ட இடம் தேவைக்கு மிஞ்சியது. எங்கே வார்த்தாலும் எந்த வீதியில், யார் முன் அவை உலா வந்தன என்பதே வழிபாட்டு வரலாற்றுக்கு வேண்டியது. அருங்காட்சியகம் காட்டும் முழு உடலை அன்றைய அடியார் பார்த்ததும் இல்லை. பட்டும் மாலையும் அணியும் மூடிய உருவில் முகமும் கைகளுமே தெரியும்.

மலையகத்துக்கும் பொலன்னறுவையோடு தொடர்பு இருந்தது. இங்கே கினிகத்தேனைக்கு அருகிலுள்ள அம்பகமுவைப் பாறைக் கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விஜயபாகு சிவனொளிபாத மலைக்கு ஏறும் யாத்திரிகருக்குச் செய்த அறங்களைக் கூறுகிறது. ஆக, இம்மலைச்சரிவு பொலன்னறுவை அரசின் கைக்கு எட்டாத காடாக இருக்கவில்லை. எனினும் இன்று இங்கு வாழும் தமிழரின் வழிபாடு அந்த நூற்றாண்டுகளின் தொடர்ச்சியல்ல. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் கொண்டுவந்த வழிபாடு அது. செப்புத் திருமேனியைச் சுமந்து வரக்கூடிய பயணமாகவும் அது இருக்கவில்லை. தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களின் பக்கத்தில் மரத்தடிக் கல், நட்ட சூலம், கரகம் ஆகியவையே தெய்வங்களாயின. தொழிற்சாலையின் இயந்திரச் சக்கரங்களைக் காக்க ரோதைமுனி, தேயிலை கவ்வாத்து வெட்டும்போது காவலுக்குக் கவ்வாத்துச் சாமி எனத் தோட்ட வேலையிலிருந்தே புதிய தெய்வங்களும் பிறந்தன. இவர்களுக்கு ஆகமத்தில் தியான சுலோகமும் இல்லை. தாளக் கணக்கும் இல்லை.

உலோகம் இல்லாமலே தெய்வம் மக்களிடம் வருவதற்கு மாசி மாதக் காமன் கூத்து முக்கியமான சான்று. சூரபதுமனின் கொடுமை தீரச் சிவனுக்கு ஒரு மகன் பிறக்க வேண்டும். சிவனோ தவத்தில் இருக்கிறார். தேவர்கள் ஏவக் காமன் மலரம்பு தொடுக்கிறான். நெற்றிக்கண் அவனைச் சாம்பலாக்குகிறது. இரதியின் அழுகைக்கு இரங்கி, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு அவன் மீள்கிறான். இக்கதையின் கனியைச் செப்பில் காட்டுவது சோமாஸ்கந்த வடிவம்: சிவனும் உமையும் அமர்ந்திருக்க, நடுவே குழந்தை முருகன். போர்த்துக்கேயர் 1620களில் இடித்த திருக்கோணேச்சரத்தின் திருமேனிகள் 1950இல் மண்ணுக்குள்ளிருந்து மீண்டபோது சோமாஸ்கந்தரும் அவற்றுள் இருந்தார். உலோகம் கதை முடிந்த பிறகுள்ள அமைதியை நிலைநிறுத்துகிறது. தோட்டத்துக் கூத்தோ கதையின் நெருப்பையே எடுத்துக்கொள்கிறது. தப்பு முழங்க இரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வருவர்; காமனைப் பௌர்ணமி இரவில் எரித்து, மூன்றாம் நாள் உயிர்ப்பிப்பர். எரிய வேண்டிய தெய்வத்துக்குச் செம்பு பொருந்தாது; வைக்கோலே வேண்டும்.

மாரியம்மன் வழிபாட்டிலும் இதே நிலை. தலை வேறு உடல் வேறாக வெட்டுண்டு மாற்றி ஒட்டப்பட்ட ரேணுகையின் கதை, அம்மனைத் தலையுருவாக வைத்து வழிபடும் வழக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. திருவிழாவில் ஆற்றங்கரையில் கரகம் பாலித்து அம்மனை அழைத்து வந்து, முடிவில் மீண்டும் நீரிலேயே விடுகிறார்கள். அவ்வளவு நாளும் அம்மனின் உடல் அந்தக் கரகந்தான். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழை பெறும் கினிகத்தேனைப் பகுதியில், தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய மாதங்களே இத்தகைய விழாக்களுக்கு வசதி.

பின்னாளில் பல தோட்டக் கோயில்கள் கோபுரம் எழுப்பிக் கும்பாபிஷேகம் கண்டன. தமிழ்நாட்டுச் சிற்பக்கூடங்களில் வார்த்த உற்சவர்களும் வந்தனர்: நாற்கரமும் சுடர்முடியும் கொண்டு, உடுக்கையும் சூலமும் ஏந்திய அம்மன். இதை நாட்டார் வழிபாடு ஆகம வழிபாடாக 'உயர்ந்தது' என்று விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் போதாது. தெய்வம் மக்களைத் தேடி வரவேண்டும் என்ற தேவையைக் கரகமும் கூத்தும் முன்பே நிறைவேற்றிவிட்டன; செம்பு அந்த வேலையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மாறியது மக்களின் இருப்பு. 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தின்கீழ் யார் இந்தியாவுக்குக் கப்பலேறுவார் என்ற கவலையில் வாழ்ந்த குடும்பங்களுக்கு, தலைமுறைகளுக்கென வார்க்கும் உருவம் முதல் தேவையாக இருந்திருக்க முடியாது. வணிகர் ஆதரவு பெற்ற நகரக் கோயில்களின் கதை வேறு. தோட்டத்தில் திருவிழாச் செலவே சம்பளப் பதிவேடான செக்ரோல் வழியாகச் சம்பளத்தில் பிடித்த காசு. அக்காசு திருமேனியாக உருப்பெற, ஊர் நிலைக்கும் என்ற நம்பிக்கை வேண்டியிருந்தது.

புதிய உற்சவர் பழையதைத் துரத்தவும் இல்லை. செப்பு அம்மன் தேரில் வரும் அதே திருவிழாவில் கரகமும் ஆற்றங்கரையில் பாலிக்கப்படுகிறது. ரோதைமுனிக்குத் தனிப் பூசை நடக்கிறது. செப்புத் திருமேனி அவருக்கு இன்னும் வார்க்கப்படவில்லை.