தன்னைத் தானே எழுதலாமா?



நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று பவணந்தி முனிவர் நன்னூலில் விதித்தார். அதனாலன்றோ, நூலின் பெருமை கூறும் சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியன் பாடாமல், அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றோனோ, மாணாக்கனோ, உரைகாரனோ பாடுதல் மரபாயிற்று! ஆயினும் தற்புகழ்ச்சி பொருந்தும் இடங்களாக நான்கினை அவரே விலக்கி வைத்தார். அவற்றுள் ஒன்று, மாற்றான் தன்னைப் பழித்த காலம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இவ்விதியும் விலக்கும் நம் காலத்தில், கடல் கடந்த நாடொன்றில் பிறந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் மீண்டும் வழக்காடப்பட்டன. அவ்வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்னும் இரு அமெரிக்கர் விக்கிப்பீடியாவைத் தொடங்கினர். அச்சிட்ட கலைக்களஞ்சியத்தில் கட்டுரையாளருக்கு மேல் பதிப்பாசிரியர் உண்டு. இங்கோ எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம், தம் உண்மைப் பெயரைச் சொல்ல வேண்டுவதும் இல்லை. ஒவ்வொரு திருத்தமும் நாளுடனும் நேரத்துடனும் பதிவாகி, யாவரும் காண நிற்கும் என்பதே பெருங்காவல். இவ்வாறு கதவு திறந்த வீட்டினுள் தம் புகழைத் தாமே எழுத விரும்புவோர் நுழையாதிருப்பரோ?

2005ஆம் ஆண்டின் இறுதியில் இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வெளிப்பட்டன. ஜான் சீகன்தாலர் என்ற முதிய பத்திரிகையாளரைக் கென்னடி சகோதரர் இருவரின் கொலைகளோடும் தொடர்புபடுத்திய ஒரு பொய், அவரைப் பற்றிய கட்டுரையில் நான்கு திங்களுக்கு மேல் அழியாதிருந்தது. எழுதியவர் பெயரிலி. சீகன்தாலர் இளமையில் ராபர்ட் கென்னடியின் உதவியாளராகப் பணியாற்றியவர். அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! நவம்பரில் செய்தித்தாளில் தம் மனக்குறையை வெளியிட்டார். டிசம்பரில் மற்றொன்று தெரியவந்தது. வேல்ஸே தம் வாழ்க்கைக் குறிப்பைப் பன்முறை திருத்தி, சாங்கரை இணை நிறுவனர் என்று குறித்த சொற்களையும் மாற்றியிருந்தார். தாம் அமைத்த பதிவேடே அவரைக் காட்டிக் கொடுத்தது. செய்திருக்கலாகாது என்று அவரும் வருந்தினார். பழிக்கப்பட்டவரின் நியாயமான குறையையும், புகழ் விரும்பியவரின் ஆசையையும் ஒரே சட்டத்தால் எவ்வாறு அளப்பது? இதுவே அக்களஞ்சியத்தாருக்கு நேர்ந்த இடர்ப்பாடு.

2007இல் வர்ஜில் கிரிபித் என்னும் ஆராய்ச்சி மாணவர், பெயரின்றிச் செய்யப்பட்ட திருத்தங்கள் எந்த நிறுவனத்தின் இணைய முகவரியிலிருந்து வந்தன என்று காட்டும் கருவியொன்றை அமைத்தார். வாக்குப்பதிவு இயந்திரங்கள் செய்த டீபோல்ட் நிறுவனத்தின் முகவரியிலிருந்து, அவ்வியந்திரங்களைக் குறைகூறும் பகுதிகள் நீக்கப்பட்டமை அப்போது புலனாயிற்று. எனினும் முகவரியை மறைப்பது அரிதன்று. ஒரு புனைபெயரில் கணக்குத் தொடங்கினால் போதும். கூலிக்கு எழுதும் நிறுவனங்களும் முளைத்தன. 2013இல் அத்தகைய ஒன்றோடு தொடர்புடையனவாக ஐயுற்று 250க்கு மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பெற்றன. கூலி பெற்று எழுதுவோர் தமக்குப் பணம் தருபவர் யாவர் என்பதை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும் என்ற விதி 2014 ஜூனில் வந்தது.

அடுத்த ஆண்டு வெளிப்பட்ட மோசடி மிகக் கொடியது. களஞ்சியத்தில் ஏற்கப்படாத வரைவுகளைத் தேடி, அவற்றிற்குரிய சிறு வணிகர்களை ஒரு கூட்டத்தார் அணுகினர். பணம் தந்தால் கட்டுரையை ஏற்றுவோம் என்றனர். ஏற்றிய பின், அதனைக் காப்பதற்கென மாதந்தோறும் பணம் கேட்டனர். 381 கணக்குகள் முடக்கப்பட்டன. 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. புகழை விரும்பிய எளியோர் பலர் இங்கே ஏமாற்றப்பட்டோரே என்பதை மறத்தலாகாது.

இன்றைய நெறி இது: தன்னைப் பற்றியோ, தன் உறவினர், நண்பர், முதலாளி ஆகியோரைப் பற்றியோ நேரே எழுதாதே, உன் தொடர்பைச் சொல்லி, சான்று காட்டி, கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் வேண்டிக்கொள், பிறர் ஆராய்ந்து திருத்துவர். மாணாக்கன் பாயிரம் பாடலாம் என்ற நன்னூலைவிட இது கடுமையானது! ஆயினும் வெளிப்படையான அவதூறை உரியவரே நீக்கலாம் என்ற விலக்கு இதிலும் உண்டு. இதில் ஒரு குறையும் உளது. பிறருடைய உண்மைப் பெயரை வெளியிடுதல் அங்குக் குற்றம். அந்தக் காப்பும் வேண்டுவதே. ஆதலின், தொடர்பை அறிவிக்கும் விதி பெரும்பாலும் எழுதுவோரின் நேர்மையையே நம்பி நிற்கின்றது.

2012இல் அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத், தம் நாவல் ஒன்றுக்கு மற்றோர் எழுத்தாளரின் வாழ்க்கையே தூண்டுதலாயிற்று என்ற கூற்றை நீக்குமாறு தம் சார்பாளர் வழியே கேட்டார். பிறர் வெளியிட்ட சான்று வேண்டும் என்ற விடை வந்தது. தம் நூலின் பிறப்பைத் தம்மினும் அறிந்தவர் எவர் என்று அவர் சினந்ததில் வியப்பில்லை. ஆனால் திறனாய்வாளர் சிலர் அவ்வாறு கருதியதும் மெய்யே. அதனை அழிக்க ஆசிரியருக்கும் உரிமையில்லை என்பேன். ராத் 'நியூயார்க்கர்' இதழில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அக்கடிதமே சான்றாகி, அவருடைய மறுப்பும் கட்டுரையில் இடம்பெற்றது.