கூன் விழுந்த முதுகின் வரலாறு

நம் ஊர்களின் பழைய வீடுகளில், சுவரைப் பற்றிக்கொண்டு அடிமேல் அடிவைத்து நடக்கும் ஒரு மூதாட்டியைக் காணாதார் இலர். இளமையில் நிமிர்ந்து நடந்தவர். இன்று பேரப்பிள்ளையின் தோளுயரத்துக்குக் குறுகிவிட்டார். ஒருநாள் ஒளுச் செய்யப் போன இடத்தில் வழுக்கி விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. அதன்பின் கட்டிலே கதியென்றாகிச் சில மாதங்களில் வீடு அவரை இழந்துவிடுகிறது. வயதாகிவிட்டது, விழுந்தார், போய்ச் சேர்ந்தார் என்று நாமும் மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். ஆயின், அதே இடத்தில் வழுக்கி விழும் சிறுவன் எழுந்து ஓடிவிடுகிறானே, அது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. அவ்வரலாற்றை அறிவது நம் வீட்டு முதியோரைக் காக்கும் வழியை அறிவதும் ஆகும்.

முதுமைக்கும் எலும்புக்கும் உள்ள உறவை மக்கள் அறியாதிருந்தனர் என்று சொல்வதற்கில்லை. திருமறையின் மர்யம் அத்தியாயத்தில் ஸக்கரிய்யா நபி (அலை) அவர்கள் தம் முதுமையை இறைவனிடம் முறையிடும்போது, முதலில் குறிப்பிடுவது எலும்பின் நலிவையே. தலையின் நரை அதற்குப் பின்னரே வருகிறது. நரை கண்ணுக்குத் தெரிவது. எலும்பின் நலிவோ உள்ளே மறைந்து நடப்பது. மறைந்து நடப்பதை எவ்வாறு காண்பது என்பதே பின்வந்த மருத்துவர்களுக்கு எழுந்த சிக்கல்.

எலும்பை நேரில் பார்த்தே முடிவு செய்யவேண்டும் என்ற நெறிக்கு முன்னோடியாக நின்றவர்களுள் ஒருவர் பக்தாதில் பிறந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி. கி.பி. 1200 முதல் 1202 வரை எகிப்தைக் கொடும்பஞ்சம் வாட்டியபோது அவர் அங்கிருந்தார். கெய்ரோவை அடுத்த அல்மக்ஸ் என்னுமிடத்தில் மாண்டோரின் எலும்புகள் குவிந்துகிடந்தன. கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க மேதை காலன் எழுதியதை அதுவரை மருத்துவர்கள் ஏற்றிருந்தனர். அல்பக்தாதி ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தாடைகளை ஆராய்ந்து, அது ஒரே எலும்புதான் என்று உறுதிப்படுத்தினார். ஏட்டைவிடக் கண்ணே நம்பத்தக்கது என்பது அவர் கண்ட முடிவு.

முதியோரின் எலும்பை அவ்வாறு ஊன்றிப் பார்த்தவர் இலண்டன் அறுவை மருத்துவர் சர் ஆஸ்ட்லி கூப்பர். தொடையெலும்பின் கழுத்து முறிவது முதியோரிடத்தும், அவருள்ளும் பெண்களிடத்தும் மிகுதி என்பதையும், முதுமையில் எலும்பின் ஓடு மெலிந்து உட்புறம் பஞ்சுபோலாகிவிடுகிறது என்பதையும் 1820-களில் அவர் எழுதினார். ஏறத்தாழ அக்காலத்திலேயே ஸ்ட்ராஸ்பர்க் நகரப் பேராசிரியர் லோப்ஸ்டைன், துளைகள் மலிந்த எலும்பைக் குறிக்க ‘ஆஸ்டியோபொரோசிஸ்’ என்னும் சொல்லை வழங்கினார். 1885-இல் குஸ்தாவ் பொம்மர் இன்னொரு தெளிவைத் தந்தார். சுண்ணாம்புச்சத்து படியாமல் எலும்பு மென்மையாகிவிடுவது ஒரு நோய். எலும்பின் தன்மை மாறாமல் அதன் அளவே குறைந்துபோவது வேறொரு நோய். இவ்விரண்டையும் பிரித்தறிந்த பிறகே உரிய மருத்துவத்தை எண்ண வழி பிறந்தது.

பெண்களை இந்நோய் மிகுதியாகப் பற்றுவது ஏன்? 1941-இல் பாஸ்டன் மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் அவருடைய துணைவர்களும் இதற்கு விடை தந்தனர். முதுகெலும்பு மெலிந்து வந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள் என்பதைக் கண்டு, ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதே காரணம் என்றனர். எலும்பு உயிரற்ற கட்டையன்று. பழைய எலும்பை ஒருவகை உயிரணுக்கள் கரைக்க, மற்றொரு வகை புதிய எலும்பைக் கட்டுகின்றன. ஏறத்தாழ முப்பது வயதுவரை கட்டுமானம் விஞ்சுகிறது. பின்னர்ச் செலவு வரவை மிஞ்சத் தொடங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் கரைக்கும் அணுக்களின் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. ஆகவே மாதவிடாய் நின்ற முதற் சில ஆண்டுகளில் இழப்பு விரைகிறது. ஆண்களும் தப்புவதில்லை. உலகளவில் ஐம்பதைக் கடந்த பெண்களில் மூவருள் ஒருவரும், ஆண்களில் ஐவருள் ஒருவரும் இவ்வகை முறிவுக்கு ஆளாவர் என்பது மதிப்பீடு.

நோயை அறிந்தும் அதனை அளக்கக் கருவியில்லை. சாதாரண எக்ஸ்ரே படத்தில் தெரியும்போது எலும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். 1963-இல் அமெரிக்காவின் கேமரானும் சோரன்சனும் கதிரைச் செலுத்தி எலும்பின் தாதுவை அளக்கும் முறையை வெளியிட்டனர். 1987-இல் இன்றைய ‘டெக்ஸா’ கருவி வழக்குக்கு வந்தது. 1994-இல் உலக சுகாதார நிறுவனம், இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு ‘டி’ மதிப்பு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் நோய் என்று வரையறுத்தது. வலியில்லாத, சில நிமிடங்களில் முடியும் சோதனை இது.

மருந்தின் வரலாறும் நேர்வழியில் செல்லவில்லை. ஈஸ்ட்ரோஜனையே மருந்தாகத் தரும் முறை நெடுங்காலம் போற்றப்பட்டது. 2002-இல் வெளியான அமெரிக்கப் பேராய்வு, அது முறிவைக் குறைத்தாலும், புரொஜெஸ்டினோடு சேர்த்து உண்டோரிடம் மார்பகப் புற்றும் பக்கவாதமும் மிகுந்தன என்று காட்டியது. ஸ்விட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் வழிகாட்டிய ஆய்வுகளிலிருந்து எழுந்த பிஸ்பாஸ்போனேட் மருந்துகளுள் ஒன்றாகிய அலெண்ட்ரோனேட், 1995-இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. அதனை வெறும் வயிற்றில் நிறைந்த குவளை நீருடன் விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காதிருக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது; நிறுத்தவும் கூடாது.

மருந்துக்கு முன்னே வீடு செய்யத்தக்கவை பல உள. 1919-இல் பெர்லின் மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி, புற ஊதாக் கதிர்பட்ட குழந்தைகளின் கணைநோய் தீர்வதைக் காட்டினார். வெயில் பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின் ‘டி’ இல்லையேல், உண்ணும் சுண்ணாம்புச்சத்து உடலில் சேராது. நம் முன்னோர் வீட்டு நடுவே திறந்த முற்றம் வைத்தனர். பெண்கள் அந்தப்புறத்தில் இருந்தபடியே வெயில் பெற்றனர். இன்றைய அடுக்குமாடியில் முற்றமும் இல்லை, வெயிலும் இல்லை. மறைவுள்ள மொட்டைமாடி ஒன்றையேனும் நம் பெண்களுக்கு ஒதுக்கித் தருவது நம் கடமையன்றோ? அதற்கு வழியில்லாதோர் மருத்துவர் அளவிட்டுத் தரும் வைட்டமினைக் கொள்ளலாம்.

உணவில் பால், தயிர், எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி, நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்துள்ள கேழ்வரகு ஆகியவை இடம்பெற வேண்டும். ஜெர்மானிய அறிஞர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் சொன்னபடி, எலும்பு தான் தாங்கும் பாரத்துக்கேற்பவே தன்னை அமைத்துக்கொள்கிறது. ஆகவே நடையும், படியேறுதலும், அளவான பளு தூக்கலும் எலும்புக்கு உரமாகும். முதுகெலும்பு முன்பே மெலிந்தோர் குனிவதில் மருத்துவரின் சொல் கேட்க வேண்டும். இயலாதோர் அமர்ந்து தொழ மார்க்கமும் இடம் தந்திருக்கிறது. புகையை விடுவதும், குளியலறையில் கைப்பிடி பொருத்துவதும், ஒளுச் செய்யுமிடத்தை ஈரமின்றி வைப்பதும், இரவில் சிறு விளக்கெரிய விடுவதும் பெருஞ்செலவில்லாத காரியங்கள்.

உயரம் குறைந்தாலும், சிறு விழுதலில் மணிக்கட்டு முறிந்தாலும், காரணமின்றி முதுகு வலித்தாலும், அதனை வயதின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடலாகாது. எலும்பு நலிவது இயற்கை. அது முறியும்வரை நாம் பார்த்திருப்பது இயற்கையன்று. இன்று சுவரைப் பற்றி நடக்கும் நம் உம்மும்மாவுக்கும், நாளை அவ்வயதை எட்டப்போகும் நம் பெண்மக்களுக்கும் இதனை நாம் எடுத்துச் சொல்வோமாக.