உரித்து ஒட்டிய பதினெட்டு லேபிள்கள்

போன வருஷம் ஒரு பயிற்சி வகுப்பு. ஏசி அறை, வட்ட மேசைகள், மேசைக்கு ஒரு கிண்ணம் மிட்டாய். எங்கள் கையில் ஒரு தாள். அதில் ஐம்பது அறுபது சொற்கள். நேர்மை, சுதந்திரம், குடும்பம், துணிவு, சாதனை, அமைதி... பத்தை டிக் அடிக்கச் சொன்னார் பயிற்சியாளர். அப்புறம் பத்தை ஐந்தாக்கச் சொன்னார். அப்புறம் மூன்று. இந்த மூன்றுதான் உங்கள் அடிப்படை விழுமியங்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கை தூக்கிப் பார்த்ததில், அறையில் ஏறக்குறைய எல்லாரிடமும் நேர்மை இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் வருகைப் பதிவேடு சுற்றி வந்தது. டீ குடிக்கப் போய் இன்னும் திரும்பாத இரண்டு பேருக்கும் சேர்த்து என் பக்கத்து நாற்காலிக்காரர் கையெழுத்துப் போட்டார். அவருடைய மூன்றில் நேர்மை இருந்தது. என்னுடைய மூன்றிலும் இருந்தது. நான் மிட்டாய்க் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தாளை முதலில் யார் போட்டார்கள் என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

நற்குணங்களுக்குப் பட்டியல் போட்டவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 13 குணங்களை எழுதி, வாரம் ஒன்றாக எடுத்துக்கொண்டு, தவறியபோதெல்லாம் நோட்டில் கறுப்புப் புள்ளி வைத்தார். முதலில் 12தான் போட்டிருந்தார்; உனக்குத் தலைக்கனம் அதிகம் என்று நண்பர் ஒருவர் சொன்னதால் பணிவு பதின்மூன்றாவதாக வந்து சேர்ந்தது. ஆனால் அது, ஆக வேண்டியவற்றின் பட்டியல். 1931-ல் கார்டன் ஆல்போர்ட்டும் ஃபிலிப் வெர்னனும் கொண்டுவந்த தேர்வு வேறு ரகம். அறிவு நாட்டம், பொருள் நாட்டம், அழகு, சமூகம், அதிகாரம், சமயம் என்ற ஆறில் ஓர் ஆளுக்கு எது தூக்கல் என்று அளந்து பார்த்தது. பயிற்சி வகுப்புத் தாளின் தாத்தா இந்த இரண்டுமே அல்ல. அவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், 1960-களில், பசை தடவிய லேபிள்களாகப் பிறந்தார்.

பிறப்பித்தவர் மில்டன் ரோக்கீச். 1918-ல் போலந்தின் ஹ்ருபியெஷுஃப் என்ற ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஏழு வயதில் நியூயார்க்கின் புரூக்ளினுக்கு வந்தவர். பெர்க்லியில் 1947-ல் முனைவர் பட்டம். ஹிட்லர் போன்ற ஒருவரின் பின்னால் சாதாரண மனிதர்கள் எப்படிப் போனார்கள் என்று அங்கே ஒரு குழு அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தது. ரோக்கீசுக்கும் அதே கேள்விதான். ஆனால் பிடிவாதம் வலதுசாரிகளுக்கு மட்டும் சொந்தமில்லை, இடதிலும் உண்டு என்றார். இரண்டு பக்கத்தின் பகையையும் ஒரே மூச்சில் சம்பாதித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு நினைவு வருவது இன்னொன்று. 1959-ல் இப்சிலான்டி அரசு மனநல மருத்துவமனையில், தங்களை இயேசு கிறிஸ்து என்று நம்பிய மூன்று நோயாளிகளைத் தேடிப் பிடித்து ஒரே வார்டில் சேர்த்து வைத்தார். ஒருவர் மற்றவரைப் பார்த்துத் தெளிவார்கள் என்பது கணக்கு. இரண்டு வருஷம் பார்த்தார். பொய்க் கடிதங்கள் கூட எழுதிப் பார்த்தார். மூவரும் தெளியவில்லை. ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து, இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தின் மறுபதிப்பில், அப்படி அவர்கள் வாழ்க்கையில் கைவைக்கத் தனக்கு உரிமை இருக்கவில்லை என்று எழுதினார். கடவுள் என்ற மயக்கம் தனக்கும்தான் இருந்தது என்ற பொருளில். இந்தச் சங்கதியை ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

நம்பிக்கைகளை மோதவிட்டுப் பார்த்துத் தோற்றவர், அதற்கும் அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டத் தொடங்கினார். மனிதனுக்கு ஆயிரக்கணக்கில் நம்பிக்கைகள், நூற்றுக்கணக்கில் மனப்போக்குகள். ஆனால் விழுமியங்கள் சில டஜன்தான் இருக்கும், எல்லாரிடமும் அதே சில டஜன்தான் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறுவது வரிசைதான் என்பது அவர் ஊகம்.

அந்தச் சில டஜனை எங்கிருந்து எடுப்பது? புத்தகங்களைப் புரட்டினார். தன் மனத்தைக் கேட்டார். சுமார் 30 உளவியல் மாணவர்களைக் கேட்டார். லான்சிங் நகரத்தில் சுமார் 100 பேரைப் பேட்டி கண்டார். நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததைச் சலித்து, வாழ்க்கையில் எதை அடைய வேண்டும் என்பதற்கு 18 வைத்தார்: வசதியான வாழ்க்கை, உலக அமைதி, சமத்துவம், குடும்பப் பாதுகாப்பு, சுதந்திரம், சுயமரியாதை, உண்மையான நட்பு, ஞானம் என்று போகும். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இன்னொரு 18. இதற்கு, குணத்தைக் குறிக்கும் 555 ஆங்கிலச் சொற்களை நார்மன் ஆண்டர்சன் என்ற உளவியலாளர் தொகுத்திருந்த பட்டியல் கைகொடுத்தது. நேர்மை, துணிவு, பொறுப்பு, மன்னித்தல், சுத்தம், கீழ்ப்படிதல் எல்லாம் அதில் வரும்.

இனித்தான் பசை. எண் போடச் சொன்னால் ஜனங்கள் கடகடவென்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி லேபிளாக அச்சடித்தார். வலது பக்கம் லேபிள்கள், இடது பக்கம் 1 முதல் 18 வரை எண் போட்ட கட்டங்கள். முக்கியமானதை உரித்து முதல் கட்டத்தில் ஒட்ட வேண்டும். மனம் மாறினால் மறுபடி உரிக்கலாம், இடம் மாற்றலாம். அதற்காகவே லேசாக ஒட்டும் பசை. லேபிள்கள் ஆங்கில அகரவரிசையில் இருக்கும். யோசிக்காமல் மேலிருந்து கீழாக ஒட்டிக்கொண்டே போனவருக்கு வசதியான வாழ்க்கை முதலிலும் ஞானம் கடைசியிலும் வந்து உட்காரும். பலருக்கு அதுவே சரியான விடையாகவும் இருந்திருக்கலாம்.

இதன் சூட்சுமம், எதையும் விட்டுவிட முடியாது என்பதில் இருக்கிறது. பயிற்சி வகுப்பில் நாங்கள் மூன்றை எடுத்தோம், மீதியை நைசாக மறந்தோம். ரோக்கீச் தாளில் பதினெட்டாவது கட்டத்திலும் ஏதாவது ஒன்றை ஒட்டியாக வேண்டும். மன்னிப்பதா, சுத்தமா, எது கீழே? நல்லது என்று நாமே ஒப்புக்கொள்ளும் ஒன்றை நம் கையாலேயே கீழே ஒட்டும்போது விரல் நுனியில் ஒரு தயக்கம் வரும். அந்தத் தயக்கத்தை அளப்பதற்குத்தான் இவ்வளவு பசையும். விழுமியம் என்ற நம் சொல்லுக்குப் பக்கத்துச் சொந்தம் விழுமம். அதற்குத் தொல்காப்பியம் சீர்மை, சிறப்பு என்று பொருள் சொல்லிவிட்டு, கூடவே இடும்பை, அதாவது துன்பம், என்றும் சொல்கிறது. ரோக்கீசுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மூன்றாவது பொருளைத் தாளின் தலைப்பிலேயே போட்டிருப்பார்.

1968-ல் நாடு முழுக்க சுமார் 1,400 அமெரிக்கர்களிடம் இந்தத் தாள் போனது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட வருஷம், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருஷம். முதலிடத்தில் உலக அமைதி. அடுத்து குடும்பப் பாதுகாப்பு, சுதந்திரம். நடத்தைப் பட்டியலில் யாருக்கும் ஆச்சரியமில்லாமல் நேர்மை. மேலே இருந்த விடைகளில் சுவாரசியம் இல்லை. கூட்டத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தாள் பேசத் தொடங்கியது. கறுப்பினத்தவர் சமத்துவத்தை இரண்டாம் இடத்தில் வைத்தார்கள். வெள்ளையருக்கு அது பதினோராம் இடம்.

சுத்தத்தின் கதை இதைவிட எனக்குப் பிடித்தது. வருமானம் மிகக் குறைந்தவர்கள் சுத்தத்தை இரண்டாம் இடத்தில் ஒட்டியிருந்தார்கள். வருமானம் மிக அதிகமுள்ளவர்கள் பதினேழாம் இடத்துக்குத் தள்ளியிருந்தார்கள். பணக்காரர்கள் அழுக்கை விரும்பினார்கள் என்று அர்த்தமில்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறவனுக்குச் சுத்தம் ஒரு விழுமியமாகவே தோன்றாது. தெருக்குழாயில் நாலு குடம் பிடித்து, அதில் சமைத்து, குளித்து, மிச்சத்தில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவளுக்கு அது தினசரி வெற்றி. கையில் இருப்பது பட்டியலில் கீழே இறங்குகிறது, கைக்கு எட்டாதது மேலே ஏறுகிறது. அப்படியானால் என் பட்டியல் என்னைப் பற்றிச் சொல்கிறதா, என் சம்பளத்தைப் பற்றியா? பயிற்சியாளர்கள் இந்தப் பக்கத்தைத் திறப்பதேயில்லை.

வரிசை கண்டுபிடிப்பதோடு நிற்க ரோக்கீசால் முடியவில்லை. முன்பே சொன்னேனே, அந்தக் கை சும்மா இருக்காது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களிடம் தாளைக் கொடுத்து ஒட்டச் சொன்னார். பிறகு அதே வளாகத்தில் ஏற்கெனவே 298 மாணவர்கள் ஒட்டியதன் சராசரியைக் காட்டினார்: சுதந்திரம் முதலிடம், சமத்துவம் பதினொன்று. இதற்கு என்ன அர்த்தம் என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார். இந்த மாணவர்கள் தங்கள் சுதந்திரத்தில் காட்டும் அக்கறையை அடுத்தவர் சுதந்திரத்தில் காட்டவில்லை என்று. இப்போது உங்கள் வரிசையைப் பாருங்கள் என்று விட்டுவிட்டார். அவ்வளவுதான், அரை மணி, முக்கால் மணி வேலை.

சில மாதங்கள் போயின. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. என்ற புகழ்பெற்ற அமைப்பிடமிருந்து அந்த மாணவர்களுக்கு ஒரு கடிதம் வந்தது: ஒரு டாலர் கட்டி உறுப்பினராகச் சேருங்கள். அதற்கும் தாளுக்கும் தொடர்பு உண்டென்று அவர்களுக்குத் தெரியாது. சராசரியைப் பார்த்த மாணவர்களில் பதில் போட்டவர்கள், பார்க்காதவர்களைவிடக் கணிசமாகக் கூடுதல். நல்ல காரியம்தான். ஆனாலும் இப்சிலான்டி வார்டுக்கு வந்த அந்தப் பொய்க் கடிதங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. 1979-ல் இதையே தொலைக்காட்சியில் செய்தார். வாஷிங்டன் மாநிலத்தின் ஒரு பகுதியில் அரை மணி நேர நிகழ்ச்சி, நடிகர் எட் ஆஸ்னர் தொகுத்து வழங்கினார். பின்னால் நன்கொடை கேட்டுக் கடிதங்கள் போனபோது, இடையில் எழுந்து போகாமல் முழுதாகப் பார்த்தவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

1988-ல் ரோக்கீச் இறந்தார். ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற இஸ்ரேலிய உளவியலாளர் அந்தப் பட்டியலை விரித்து, பல நாடுகளில் சோதித்து, 1992-ல் புதிய வடிவம் கொடுத்தார். வரிசைப்படுத்துவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடச் சொன்னார். வாழ்க்கை எப்போதும் இரண்டில் ஒன்றைக் கேட்பதில்லை என்பது நியாயமான வாதம். மதிப்பெண்ணில் எல்லாமே முதல் வகுப்பில் பாஸாகிவிட முடியும் என்பது என் குறை.

பயிற்சி அறைக்கு வந்த வழி நியூ மெக்சிகோ. அங்கே பல்கலைக்கழகத்தில் குடிப்பழக்கத்தை விட உதவும் சிகிச்சையில் ஈடுபட்டிருந்த வில்லியம் மில்லரும் கூட்டாளிகளும் 2001-ல் 83 சீட்டுகளைத் தயாரித்தார்கள். சீட்டுக்கு ஒரு சொல், கீழே ஒரு வரி விளக்கம். நோயாளி அவற்றை முக்கியம், முக்கியமில்லை என்று கட்டுக் கட்டாகப் பிரிப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர், இதற்கும் குடிப்பழக்கத்துக்கும் என்ன உறவு என்று மெதுவாகக் கேட்பார். விளக்கம் சொல்ல மாட்டார். ரோக்கீசிடமிருந்து இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் விலகினார்கள் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. சீட்டுகளுக்குக் காப்புரிமை கேட்கவில்லை, யாரும் நகலெடுக்கலாம். எல்லாரும் எடுத்தார்கள். எடுத்தவர்கள் பல இடங்களில் எதிரே உட்காரும் ஆளை மட்டும் விட்டுவிட்டு, சீட்டை வைத்துக்கொண்டார்கள்.

ரோக்கீசின் முதல் பதினெட்டைத் தமிழில் எழுதி, பழைய தினசரி காலண்டர் தாள்களைக் கிழித்துச் சீட்டாக்கி, அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்தாள்.

"இதுல உடம்பு நல்லா இருக்கணும்னு ஒண்ணு இல்லையேடா?"

இல்லை. ஆரோக்கியம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு எடுத்துச் சொன்ன குறையை அவள் அரை நிமிஷத்தில் பிடித்துவிட்டாள். மில்லரின் சீட்டுக்கட்டில், எழுதியவர்களுக்குத் தோன்றாததை எழுதிக்கொள்ள வெற்றுச் சீட்டுகள் உண்டு. அதுபோல இன்னொரு காலண்டர் தாள் கிழித்துக் கொடுத்தேன். "கை கால் முடங்காம போய்ச் சேரணும்" என்று பென்சிலில் எழுதி முதலில் வைத்தாள். குடும்பப் பாதுகாப்புக்கும் சுயமரியாதைக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டாள். ஒன்றை மேலே வைப்பாள், எடுப்பாள். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அப்படி வைக்கக் கூடாதும்மா, ஒன்றின்கீழ் ஒன்றாகத்தான் வைக்க வேண்டும் என்றேன். அப்பா இருந்த காலத்தில் எது மேலே இருந்தது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் கரண்ட் வந்து ஃபேன் சுற்றியது. சீட்டெல்லாம் தரையில். அவளே பொறுக்கி அடுக்கினாள். சுயமரியாதை தனியாக மேலே இருந்தது.

"முன்னாடி ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சேம்மா?"

"இல்லியே, இப்படித்தான் வெச்சிருந்தேன்" என்றாள்.