பினாக்கா கீத்மாலாவும் மக்களின் வாக்கும்

சினிமாப் பாட்டு என்றதும் முகஞ்சுளிப்பது எம் கற்றோரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். மக்கள் விரும்புகின்றனர், ஆதலின் அது நல்லதே எனச் சாதிக்கும் வியாபாரிகள் மறுபுறத்தில் நிற்கின்றனர். இவ்விரு சாராரும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. மக்களின் விருப்பம் இதுவென எவ்வாறு அறியப்படுகின்றது? அதனை எண்ணுவோர் யாவர்? கொழும்பிலிருந்து முப்பத்தாறு ஆண்டுகள் ஒலித்த ஒரு ஹிந்திப் பாடல் நிகழ்ச்சியின் வரலாறு, இக்கேள்வியை ஆராய எமக்குத் தகுந்ததோர் இடமாகின்றது.

1952 ஆம் ஆண்டு இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பதவியேற்றவர் பி. வி. கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர் அவர். மேனாட்டு இசையின் சாயல் படிந்த திரைப்பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுப்பதாக அவர் கருதினார். அகில இந்திய வானொலியில் அப்பாடல்களுக்கான நேரம் குறுக்கப்பட்டது. படத்தின் பெயரை அறிவிப்பதும் விளம்பரமெனத் தவிர்க்கப்பட்டது. படத்தயாரிப்பாளருடன் பிணக்கு முற்றியது. ஈற்றில் திரைப்பாடல் அவ்வானொலியினின்றும் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. புதிதாக விடுதலை பெற்ற ஒரு தேசத்தின் அரசு, மக்கள் எதனைக் கேட்டல் தகும் என்பதைத் தானே தீர்மானிக்க முற்பட்டதன் விளைவு இது.

மக்களோ வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைகளுக்கென நேசநாட்டினர் கொழும்பில் நிறுவிய ஒலிபரப்பு நிலையமும் அதன் ஆற்றல்மிக்க சிற்றலைப் பரப்பியும், போருக்குப் பின்னர் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தன. 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிற்று. படையினரின் உற்சாகத்துக்கென எழுந்த யந்திரம் பற்பசையையும் சவர்க்காரத்தையும் விற்கலாயிற்று. ஹிந்தி ஒலிபரப்பு வடஇந்தியாவெங்கும் கேட்டது. தமிழ் ஒலிபரப்பு தமிழகத்தின் வீடுகளையும் தேநீர்க் கடைகளையும் எட்டியது. இந்திய அரசு மூடிய கதவின் வழியே இலங்கைக்கு வருவாய் வந்தது.

சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் பினாக்கா என்ற தன் பற்பசையின் பெயரால் நடத்திய பினாக்கா கீத்மாலா, 1952 டிசம்பர் 3 ஆம் நாள், ஒரு புதன்கிழமை இரவு முதன்முதலாக ஒலித்தது. கீத்மாலா என்பதற்குப் பாடல்மாலை என்பது பொருள். நிகழ்ச்சி பம்பாயில் பதிவாகி, ஒலிநாடா வானூர்தியில் கொழும்பு வந்து, இங்கிருந்து அலைவழியே மீண்டும் இந்தியாவை அடைந்தது. எழுதுவது, பேசுவது, வரும் கடிதங்களைப் படிப்பது யாவற்றுக்குமாக வாரத்துக்கு 25 ரூபா ஊதியத்தில் அமர்த்தப்பட்ட இளைஞர் அமீன் சயானி. 2024 இல் தம் 91 ஆவது வயதில் மறைந்த அவர், இந்நிகழ்ச்சியின் குரலாகவே இறுதிவரை அறியப்பட்டார்.

அக்குரலின் எளிமை எங்கிருந்து வந்தது என்பது கருதத்தக்கது. அவருடைய தாயார் குல்சும் சயானி, புதிதாக எழுத்தறிவு பெற்ற முதியோர்க்கென ரஹ்பர் என்ற இதழை எளிய ஹிந்துஸ்தானியில் நடத்தியவர். நாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்துக்களில் அது வெளிவந்தது. சிறுவயதில் அவ்விதழ்ப் பணியில் உதவிய மகன், அதே மொழியை வானொலிக்குக் கொண்டுவந்தார். முதியோர் கல்விக்கெனப் பண்படுத்தப்பட்ட மொழி பற்பசை விற்கும் நிகழ்ச்சியிலே கோடிக்கணக்கானோரை அடைந்தது.

தொடக்கத்தில் இது வெறும் போட்டியே. ஏழு பாடல்கள் வரிசையின்றி ஒலிக்கும்; மக்கள் செல்வாக்கின்படி அவற்றை நேயர்கள் வரிசைப்படுத்தி எழுதவேண்டும்; பரிசு 100 ரூபா. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன. ஒன்றரை ஆண்டுக்குள் வாரந்தோறும் வந்தவை 65,000 ஐ எட்டின. மைக்காச் சுரங்கங்கள் சூழ்ந்த ஜும்ரீ தலையா என்ற சிற்றூர், வானொலிக்குக் கடிதம் எழுதுவோரின் ஊராக இந்தியா முழுவதும் பெயர்பெற்றது. இத்தனை கடிதங்களைச் சமாளிக்க இயலாமையால் 1954 அளவில் போட்டி கைவிடப்பட்டு, பாடல்களைத் தரவரிசையில் ஒலிபரப்பும் முறை ஏற்பட்டது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கே அதன் முதல் ஆதாரம். ஆயினும் கடையில் தட்டு தீர்ந்துவிடலாம். பணமுள்ளவர் தாமே வாங்கிக் கணக்கை உயர்த்தவும் செய்யலாம். ஆகவே ஊர்தோறும் அமைந்த நேயர் மன்றங்களின் வாக்குகளும் சேர்த்துக்கொள்ளப்பட்டன. வாராந்தரப் புள்ளிகளைக் கூட்டி ஆண்டிறுதியில் வெளியிடப்பட்ட வருடாந்த வரிசையை, தேர்தல் முடிவுக்குக் காத்திருப்போரைப்போல் மக்கள் எதிர்பார்த்திருந்தனர்.

மக்கள் எதனைத் தேர்ந்தனர்? 1953 முதல் 1964 வரை ஆண்டுதோறும் முதலிடம் பெற்ற பாடல்களை நோக்குவோமாயின், அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை மூன்று கவிஞர்கள் எழுதியவையெனக் காண்கிறோம். ஸாஹிர் லூதியான்வி முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தவர். ஷைலேந்திரா புகையிரதத் தொழிற்சாலையில் வேலைசெய்தவர். இந்திய மக்கள் நாடக மன்றத்துடன் இணைந்து நின்றவர். மஜ்ரூஹ் சுல்தான்புரி, நேருவைச் சாடிய கவிதைக்காகச் சிறை சென்றவர். 1955 இல் முதலிடம் பெற்றது, ஸ்ரீ 420 படத்தில் பிழைப்புத் தேடிப் பெருநகர் நோக்கி நடக்கும் ஏழை இளைஞன் பாடும் பாடல். 1956 இல் முதலிடம் பெற்ற சீ. ஐ. டி. படப்பாடலோ பம்பாய் வாழ்வின் ஈவிரக்கமின்மையை எள்ளி நகைப்பது. ஏனையவற்றுட் பெரும்பாலன காதற் பாடல்களே என்பதை மறைக்கவேண்டியதில்லை. எனினும், தரந்தாழ்ந்த இரசனையினர் என்று அமைச்சர் கருதிய மக்கள், மொழியின் சிறந்த கவிஞர்களையே பெரிதும் தேர்ந்தனர் என்பது வரலாற்று உண்மை.

ஆயின் இதனை மக்களாட்சி என நாம் போற்றிவிடலாமா? வானொலிப் பெட்டி அன்று எல்லோர் வீட்டிலும் இருந்ததன்று. கடிதம் எழுத எழுத்தறிவு வேண்டும். இசைத்தட்டு வாங்கப் பணம் வேண்டும். தட்டாக வெளிவராத கிராமியப் பாடலுக்கோ உழைப்போரின் பாடலுக்கோ அவ்வரிசையில் இடமே இல்லை. இசைத்தட்டு உற்பத்தியோ பெரும்பாலும் கிராமபோன் கம்பெனி ஒன்றின் கையிலேயே இருந்தது. கடையில் அடுக்கிய பண்டங்களுள் ஒன்றைத் தேர்வதற்கான உரிமையே இங்கு வாக்கெனப்பட்டது. பண்டங்களை அடுக்கும் உரிமை மக்களிடம் இருக்கவில்லை.

எமது நாட்டைப் பொறுத்தவரை இவ்வரலாற்றுக்குக் கசப்பான மறுபுறம் ஒன்றும் உண்டு. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. 1949 இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டது. இவற்றால், இந்திய வம்சாவளியினரான மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலானோர் வாக்குரிமையை இழந்தனர். இது நிகழ்ந்து மூன்றே ஆண்டுகளில், இந்திய நேயரின் விருப்பத்தைக் கணக்கிட்டு வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியை அதே அரசின் வானொலி ஒலிபரப்பத் தொடங்கியது. ஜும்ரீ தலையாவின் தபாலட்டை கணக்கில் வந்தது. ஹட்டனில் கொழுந்து பறித்தவளின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. வாங்கும் சக்தி உடையோனின் விருப்பத்தை எண்ணுவதில் அக்கறை காட்டும் ஒரு சமுதாய அமைப்பு, உழைப்போனின் விருப்பத்தை எண்ண மறுப்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

தன் தவற்றை இந்திய அரசு 1957 இல் ஒருவாறு ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் திரையிசைக்கு இடமளிக்கும் விவித பாரதி தொடங்கிற்று. 1967 இல் அது விளம்பரங்களையும் ஏற்றது. பின்னர் சிபாக்கா எனப் பெயர் மாறிய கீத்மாலா 1988 வரை கொழும்பிலும், அதன்பின் 1994 வரை விவித பாரதியிலும் ஒலித்து ஓய்ந்தது.

இன்று பாடல்களின் வரிசையை யந்திரங்களே கணக்கிடுகின்றன. தபாலட்டை எழுதவேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. ஆனால் கேள்வி பழையதே. மக்களின் இரசனையை இகழ்வோர் கேஸ்கரின் தவற்றையே மீண்டும் செய்வர். அதனைக் கண்மூடிப் போற்றுவோர் பற்பசை வியாபாரியின் கணக்கையே வேதமாகக் கொள்வர். ஆசிரியராகவும் மாணவராகவும் நாம் செய்யவேண்டியது வேறு. வரிசையை எண்ணியவர் யார், எண்ணிக்கையில் விடுபட்டவர் யார் எனக் கேட்டல் வேண்டும். வாய்ப்புக் கிடைத்தபோது நல்ல கவிஞனை இனங்கண்டு ஏற்ற மக்கள், அவ்வாய்ப்பு விரிவடையுந்தோறும் மேலும் நல்லனவற்றை ஏற்பர் என்ற நம்பிக்கையுடன் எமது எழுத்தும் கற்பித்தலும் அமைதல் வேண்டும்.